பேக்கன் கலகமும் நிறச் சட்டங்களும்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போரைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை விளக்கி, மனிதர் யாவரும் சமமே என்னும் அதன் கொள்கையைக் கரும்பலகையில் எழுதினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இதை எழுதிய ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தார் என்று நேற்றுச் சொன்னீர்களே! அப்படியானால் அவர் பொய்யா எழுதினார்?" என்று கேட்டான். "அக்காலத்து வழக்கம் அப்படி, உட்கார்" என்று சொல்லி, மேலே பாடத்தைத் தொடர்ந்தேன்.

அது விடையன்று என்பது அப்போதே எனக்குத் தெரியும். வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. யாரோ சிலர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு காரணம் பற்றி அதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். அந்தக் காரணத்தை அறிய விரும்பிப் பின்னாளில் சில நூல்களைப் படித்தேன். அவை என்னை 1776-க்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன்னே, 1676-ஆம் ஆண்டுக்கு, அழைத்துச் சென்றன. அவ்வாண்டில் வர்ஜீனியாவில் நிகழ்ந்த ஒரு கலகத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேசப்போகிறேன். அந்த மாணவனுக்கு நான் தரவேண்டியிருக்கும் விடையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைபெற்ற முதற் குடியேற்றம் வர்ஜீனியா. 1607-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அவர்கள் அமைத்த ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரே அதன் தலைநகராயிற்று. பொன் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குப் பொன் கிடைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஜான் ரால்ப் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் புகையிலை இனத்தை அங்கே பயிரிட்டு வெற்றி கண்டார். அதுமுதல் புகையிலையே அந்நாட்டின் பொன்னாயிற்று.

1619-ஆம் ஆண்டின் கோடையில் அங்கே இரண்டு நிகழ்ச்சிகள் சில வார இடைவெளியில் நடைபெற்றன. குடியேறிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினரைக் கொண்ட சட்டசபை முதன்முதலாக ஜேம்ஸ்டவுனில் கூடியது. ஆகஸ்டு மாத இறுதியில், கப்பல் ஒன்று ஆப்பிரிக்கர் இருபது பேருக்குச் சற்று மேற்பட்டோரைக் கொண்டுவந்து உணவுப் பொருளுக்கு விற்றுச் சென்றது. அமெரிக்க மண்ணில் மக்களாட்சியின் விதையும் அடிமைத்தனத்தின் விதையும் ஒரே பருவத்தில் ஊன்றப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் முதலில் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தனர். கப்பற் கூலி கொடுக்க வசதியற்ற ஏழை இளைஞர்கள், நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை ஒருவரிடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் கப்பலேறினார்கள். ஓர் ஆளைக் கொண்டுவருபவருக்கு 50 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. ஆகவே உழைப்பையும் நிலத்தையும் ஒருங்கே பெற்றுச் செல்வர் மேலும் செல்வராயினர். ஒப்பந்த ஊழியருள் பலர் தவணை முடியுமுன் நோய்க்கு இரையாயினர். தப்பிப் பிழைத்தவர்கள் விடுதலை பெற்று நிலம் தேடியபோது, ஆற்றங்கரை நிலங்களெல்லாம் முன்னரே பெரியவர்கள் கையில் இருந்தன.

கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் நிலை என்ன? தொடக்கத்தில் அதைத் தெளிவாக வரையறுக்கும் சட்டம் ஏதும் இல்லை. அந்தோணி ஜான்சன் என்னும் ஆப்பிரிக்கர் அந்நாட்டில் ஊழியராக உழைத்து, விடுதலை பெற்று, 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரியவரானார். தாமும் ஊழியரை வைத்திருந்தார். இதைக் கொண்டு அக்காலத்தில் நிறவேற்றுமையே இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. 1640-ஆம் ஆண்டில் ஊழியர் மூவர் தம் எசமானரிடமிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்டனர். இருவர் ஐரோப்பியர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்னும் கறுப்பர். மூவருக்கும் கசையடி கிடைத்தது. ஐரோப்பியர் இருவருக்கும் ஊழியக் காலம் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஜான் பஞ்சுக்கோ வாழ்நாள் முழுவதும் ஊழியம் என்று தீர்ப்பாயிற்று. குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு. ஆயினும் அது ஒரு வழக்கின் தீர்ப்பே. நாடு முழுவதையும் பிணிக்கும் சட்டம் ஆகவில்லை.

சட்டம் 1660-க்குப் பின் ஒவ்வொன்றாக வரத்தொடங்கியது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்ததே என்று 1662-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை, தந்தை யாராயினும், அடிமையே. ஞானஸ்நானம் பெறுவதால் அடிமை விடுதலையடைய மாட்டான் என்று 1667-இல் மற்றொரு சட்டம் வந்தது. 1670-இல் அந்தோணி ஜான்சன் இறந்தபோது, அவர் கறுப்பர், ஆதலால் அயலார் என்று கூறி, அவருடைய நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று நடுவர் குழு ஒன்று முடிவு செய்தது. இருபது ஆண்டுகளுக்குள் காற்று எத்திசைக்குத் திரும்பிவிட்டது பாருங்கள்!

எனினும் இக்காலத்தில் கறுப்பர் தொகை மிகுதியன்று. ஆளுநர் சர் வில்லியம் பெர்க்லி 1671-இல் இலண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில், மக்கள் 40,000 பேர், அவருள் ஒப்பந்த ஊழியர் 6,000 பேர், கறுப்பு அடிமைகள் 2,000 பேர் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். வெள்ளை ஊழியரும் கறுப்பு ஊழியரும் ஒரே வயலில் வேலை செய்தனர். ஒரே கசைக்கு அஞ்சினர். சில வேளைகளில் சேர்ந்தே ஓடிப்போயினர்.

இனி அக்கால அரசியலைப் பார்ப்போம். பெர்க்லி இருமுறை ஆளுநராக இருந்தவர். இரண்டாம் முறை 1660-இல் பதவி ஏற்றபின், தமக்கு உகந்த சட்டசபை ஒன்று அமைந்ததும், பதினான்கு ஆண்டுகள் பொதுத் தேர்தலே நடத்தாமல் அதனைக்கொண்டே ஆட்சி செய்தார். 1670-இல் நிலமோ வீடோ இல்லாதவர்க்கு வாக்குரிமை இல்லை என்று சட்டம் செய்யப்பட்டது. புகையிலையை இங்கிலாந்துக்கும் அதன் குடியேற்றங்களுக்குமே அனுப்பவேண்டும் என்னும் கப்பற் போக்குவரத்துச் சட்டத்தால் விலை வீழ்ந்தது. வரிச்சுமையோ ஏழைக்கும் செல்வர்க்கும் தலைக்கு இவ்வளவு என்ற முறையில் விழுந்தது. தம் குடிகளில் ஏழில் ஆறு பங்கினர் வறியவர், கடனாளர், மனக்குறை உடையவர், போதாக்குறைக்குக் கையில் ஆயுதமும் உடையவர் என்று ஆளுநரே ஒரு கடிதத்தில் வருந்தி எழுதினார்.

உலர்ந்த வைக்கோலில் பொறி விழுந்த இடம் நாட்டின் எல்லைப்புறம். செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் குறித்த அம்மண்ணின் முதற்குடிகளோடு 1646-இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டிருந்தது. அதன்படி யார்க் ஆற்றுக்கு வடக்கிலுள்ள நிலம் அவர்களுடையது. நிலம் தேடி அலைந்த ஏழைகளும், நிலம் சேர்த்து விற்ற செல்வரும் அந்த எல்லையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தனர். 1675-இல் டோயெக் குலத்தாருக்கு ஒரு தோட்டக்காரர் கொடுக்கவேண்டிய பொருள் பற்றித் தகராறு எழுந்தது. அவர்கள் அவருடைய பன்றிகளை ஓட்டிச் சென்றனர். இரு பக்கமும் கொலைகள் நிகழ்ந்தன. பழிவாங்கப் புறப்பட்ட குடிப்படையினர், தகராற்றில் தொடர்பே இல்லாத சஸ்குவெஹான்னக் குலத்தாரையும் சுட்டனர். பின்னர் அவர்களுடைய கோட்டையை முற்றுகையிட்டபோது, சமாதானம் பேச வெளியே வந்த தலைவர் ஐவரைக் கொன்றனர். அப்படையை நடத்தியவருள் ஒருவர் ஜான் வாஷிங்டன். பிற்காலத்தில் அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுப்பாட்டனார்.

தூதுவரைக் கொன்ற செயல் பெரும்போரை மூட்டியது. எல்லைப்புறத்தில் குடியேறிகள் பலர் உயிரிழந்தனர். ஆளுநரோ எல்லையில் கோட்டைகளைக் கட்டுவதே போதும் என்றார். நட்புக் குலத்தாரைப் பகைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. தோல் வாணிகத்தில் அவருக்கும் அவர் நண்பர்க்கும் உள்ள ஆதாயமே இதற்குக் காரணம் என்று மக்கள் முணுமுணுத்தனர். கோட்டை கட்ட வரி கொடுக்கவேண்டியவரும் அவர்களே அல்லவா?

அப்போது தலைமை ஏற்றவர் நதானியல் பேக்கன். வயது 29. கேம்பிரிட்ஜில் பயின்றவர், செல்வக் குடியினர், ஆளுநரின் மனைவிக்கு உறவினர். வந்து இரண்டாண்டுகூட நிறையாத இவ்விளைஞருக்கு ஆளுநர் தம் ஆலோசனைக் குழுவிலும் இடமளித்திருந்தார். ஏழைகளின் கலகத்துக்கு ஏழை தலைவராக வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கன் ஆணையின்றிப் படை திரட்டினார். 1676 மே மாதத்தில் அப்படை, தனக்கு உதவி செய்து சஸ்குவெஹான்னக்கரோடு போரிட்ட ஒக்கனீச்சி குலத்தாரையே தாக்கி, ஆண் பெண் குழந்தைகள் என்ற வேறுபாடின்றிக் கொன்றது. ஆளுநர் அவரைக் கலகக்காரர் என்று அறிவித்தார். மக்களைச் சாந்தப்படுத்தத் தேர்தலும் நடத்தினார். தேர்தலில் பேக்கனே வெற்றி பெற்றார்!

ஜூன் மாதத்தில் தலைநகரில் நடந்தவை நாடகக் காட்சிகள் போன்றவை. முதலில் பேக்கன் பிடிபட்டு, முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டுப் பெற்றார். சில நாட்களில் ஏறத்தாழ 500 பேருடன் திரும்பிவந்து, படைத்தலைமைக்கு உரிய ஆணைப் பத்திரத்தைக் கேட்டார். எழுபது வயதை எட்டிய ஆளுநர் வெளியே வந்து, தம் மார்புச் சட்டையைத் திறந்து, "சுடு" என்றார். பேக்கன் சுடவில்லை. அவருடைய ஆட்கள் சட்டசபையின் சன்னல்களை நோக்கித் துப்பாக்கிகளை நீட்டினார்கள். ஆணைப் பத்திரம் கிடைத்தது.

அந்த ஜூன் மாதச் சட்டசபை இயற்றிய சட்டங்களுள் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, நிலமற்ற சுதந்திரர்க்கும் இழந்த வாக்குரிமையை மீட்டளித்தது. மற்றொன்று, போரில் பிடிபடும் முதற்குடிகள் வாழ்நாள் அடிமைகள் என்று விதித்தது. ஒருவருக்கு உரிமை வழங்கிய அதே சபை, அதே மாதத்தில், மற்றொருவரின் உரிமையைப் பறித்தது.

ஜூலை 30-ஆம் நாள் பேக்கன் மக்கள் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டார். அநியாய வரி, வேண்டியவர்க்குப் பதவி, தோல் வாணிகத்தில் தனியுரிமை, முதற்குடிகளுக்குப் பாதுகாப்பு ஆகியவை அதில் ஆளுநர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். பின்னர், குடியேறிகளோடு உடன்படிக்கை கொண்டு அமைதியாக வாழ்ந்த பமங்கி குலத்தாரைச் சதுப்பு நிலத்துக்குள் துரத்தித் தாக்கினார். அவர்களுடைய அரசி காக்கக்கோஸ்கி காட்டுக்குள் ஓடி உயிர் தப்பினார்.

செப்டம்பரில் போர் உள்நாட்டுப் போராகவே முற்றியது. எதிர்த்தரப்பாரின் ஊழியர் தம்மிடம் வந்து சேர்ந்தால் விடுதலை உண்டு என்று இரு தரப்பாருமே வாக்களித்தனர். பேக்கனின் படையில் ஒப்பந்த ஊழியரும் கறுப்பு அடிமைகளும் வந்து சேர்ந்தனர். செப்டம்பர் 19-ஆம் நாள் அப்படை ஜேம்ஸ்டவுனைத் தீக்கிரையாக்கியது. சட்டசபை கூடிய மாளிகையும் தேவாலயமும் எரிந்தன. ஆளுநர் விரிகுடாவின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அக்டோபர் 26-இல் பேக்கன் சீதபேதியால் இறந்தார். தலைவரை இழந்த கலகம் சிதறத் தொடங்கியது.

1677 சனவரியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இவ்வரலாற்றின் மையம் என்பது என் கருத்து. தாமஸ் கிரந்தம் என்னும் கப்பல் தலைவர் ஆளுநர் சார்பில் கலகக்காரரிடம் சரண் பேசச் சென்றார். ஓரிடத்தில் வெள்ளையரும் கறுப்பருமாக ஏறத்தாழ 400 பேர் ஆயுதம் தாங்கி நிற்பதைக் கண்டார். மன்னிப்பும் விடுதலையும் கிடைக்கும் என்று வாக்களித்தார். பலர் கலைந்தனர். கறுப்பர் 80 பேரும் ஆங்கிலேயர் 20 பேரும் மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தனர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு கோட்டைக்குக் கொண்டுசேர்ப்பதாக நம்பவைத்து, அவர்களைப் படகில் ஏற்றினார். நடு ஆற்றில் கப்பற் பீரங்கிகளை அவர்கள்மேல் திருப்பிப் பணியவைத்தார். பின்னர் அவர்கள் தத்தம் எசமானரிடமே ஒப்படைக்கப்பட்டனர்.

அந்த நூறு பேரின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை. பேக்கனுக்கு எல்லைநிலம் வேண்டும். ஆளுநருக்கு அதிகாரம் வேண்டும். இறுதிவரை நின்ற அந்த நூறு பேர் கேட்டது விடுதலை ஒன்றையே. நிறம் வேறான அவர்கள் ஒரே படகில் நின்ற காட்சியைத் தோட்ட முதலாளிகள் மறந்திருப்பார்களா?

பெர்க்லி இருபத்துமூவரைத் தூக்கிலிட்டார். அரசர் இரண்டாம் சார்லஸ் ஆயிரம் போர்வீரரையும் விசாரணை ஆணையரையும் அனுப்பினார். திரும்ப அழைக்கப்பட்ட பெர்க்லி, அரசரைக் காணுமுன்னரே 1677 ஜூலையில் இலண்டனில் இறந்தார். முதற்குடிகளோடு புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அரசி காக்கக்கோஸ்கியும் அதில் தம் குறியை இட்டார். கலகம் முடிந்தது. அதன் விளைவுகள் அதன் பிறகே தொடங்கின.

1680-இல், கறுப்பு அடிமைகள் ஆயுதம் தாங்கக்கூடாது, சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது, கிறிஸ்தவர் எவர்மேலும் கையோங்கினால் முப்பது கசையடி என்று சட்டம் வந்தது. 1691-இல், வெள்ளையர் என்னும் சொல்லையே எழுதி, அவர்கள் கறுப்பரையோ முதற்குடிகளையோ மணந்தால் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவர் என்று மற்றொரு சட்டம் விதித்தது. 1705-ஆம் ஆண்டின் பெருஞ்சட்டம் இவற்றையெல்லாம் தொகுத்தது. தவணை முடித்த வெள்ளை ஊழியனுக்கு எசமானன் பத்து புஷல் மக்காச்சோளமும், முப்பது ஷில்லிங் பணமும், ஒரு துப்பாக்கியும் தரவேண்டும். அடிமையின் மாடு குதிரை பன்றிகளையோ பறித்து விற்று, அப்பணத்தை அவ்வூர் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும். இவ்விரு விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். ஏழை வெள்ளையனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்த சட்டமே, ஏழைக் கறுப்பனின் பசுவைப் பிடுங்கியது. படகில் ஒன்றாக நின்றவர்கள் இனி ஒன்றாக நிற்க இயலாது.

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கலகமே இவை அனைத்துக்கும் ஒரே காரணம் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். நிறச் சட்டங்கள் கலகத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டதைக் கண்டோம். இங்கிலாந்திலிருந்து ஒப்பந்த ஊழியர் வருவதும் குறைந்துகொண்டே வந்தது. 1672-இல் அமைந்த அரச ஆப்பிரிக்கக் கம்பெனியும், அதன் தனியுரிமை 1698-இல் நீங்கியபின் வந்த தனி வணிகரும் அடிமைகளை நேரே கொண்டுவந்து குவித்தனர். நீர் ஓடும் வாய்க்காலைக் கலகம் வெட்டவில்லை. ஆனால் அதை ஆழமாக்கியது.

வரலாற்றாசிரியரின் பார்வையும் மாறியிருக்கிறது. பேக்கன் விடுதலைப் போருக்கு முன்னோடித் தீவட்டி பிடித்தவர் என்று 1940-இல் வெர்ட்டன்பேக்கர் ஒரு நூல் எழுதினார். 1957-இல் வில்கோம் வாஷ்பர்ன், முதற்குடிகளின் நிலத்தின்மேல் எழுந்த ஆசையே கலகத்தின் வேர் என்று மறுத்தார். 1975-இல் எட்மண்ட் மார்கன், வெள்ளையரின் சுதந்திரமும் கறுப்பரின் அடிமைத்தனமும் அந்நாட்டில் எவ்வாறு ஒன்றாக வளர்ந்தன என்று ஆராய்ந்தார். ஒரே ஆவணங்களைத்தான் மூவரும் படித்தனர். யாருடைய குரலைக் கேட்கவேண்டும் என்பதில் அவர்கள் வேறுபட்டனர்.

இச்சட்டங்கள் அறியாமையால் செய்யப்பட்டவை என்று எண்ணவும் இடமில்லை. 1723-இல் வர்ஜீனியச் சட்டசபை, விடுதலை பெற்ற கறுப்பருக்கும் முதற்குடிகளுக்கும்கூட வாக்குரிமை இல்லை என்று விதித்தது. இலண்டனில் வாணிகக் குழுவின் சட்ட ஆலோசகர் ரிச்சர்டு வெஸ்ட், சுதந்திர மனிதன் ஒருவனை நிறம் பற்றி மட்டும் தாழ்வாக நடத்துவது எவ்வாறு தகும் என்று கேட்டார். 1736-இல் ஆளுநர் வில்லியம் கூச் அதற்கு விடை அனுப்பினார். விடுதலை பெற்ற கறுப்பர் தம்மை வெள்ளையருக்கு நிகராக எண்ணிவிடாதபடி, அவர்கள்மேல் அழியாத ஒரு குறியைப் பதிப்பதே நோக்கம் என்பது அவ்விடையின் கருத்து. வழக்கம் என்று நான் வகுப்பில் சொல்லித் தப்பித்துக்கொண்டேனே, அந்த வழக்கத்தை அறிந்தே செய்தவர்களின் வாக்குமூலம் இது.

அடிமைகள் உழைத்த தோட்டங்களின் நடுவே 1743-இல் பிறந்தவர் ஜெபர்சன். அதே வர்ஜீனியா 1776 ஜூனில் தனக்கென ஓர் உரிமைப் பிரகடனம் செய்தபோது, மனிதர் யாவரும் இயற்கையில் சமமாகச் சுதந்திரம் உடையவர் என்னும் தொடர் அடிமைகளுக்கும் பொருந்திவிடுமோ என்று சிலர் அஞ்சினர். ஆகவே மனிதர் சமூகமாகச் சேரும்போது என்னும் சொற்களை அதனுள் சேர்த்தனர். அடிமைகள் அச்சமூகத்தின் உறுப்பினர் அல்லர் என்பது அவர்கள் கருதிய பொருள்.

மாணவனே, நீ கேட்ட கேள்விக்கு இன்று இவ்வாறு விடை சொல்வேன். ஜெபர்சன் எழுதியது பொய்யன்று. ஆனால் அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை, அவர் பேனாவை எடுப்பதற்கு நெடுநாள் முன்னரே, வர்ஜீனியாவின் சட்டப் புத்தகம் வேலியிட்டு வைத்திருந்தது. அந்த வேலியை அவர் கண்டார். அதைத் தீமை என்று பிறகு எழுதவும் செய்தார். ஆயினும் அதற்குள் கிடைத்த வசதியை விடவில்லை. வேலியை மனிதர்தாம் நட்டனர். எந்த ஆண்டில் எந்தக் கம்பு நடப்பட்டது என்பதையும் இன்று பார்த்தோம். மனிதர் நட்டதை மனிதரே பிடுங்கலாம். அமெரிக்கக் கறுப்பர் அடுத்த இருநூறு ஆண்டுகள் அதைத்தான் செய்தனர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1967-இல் வர்ஜீனியாவின் கலப்புமணத் தடையை உச்சநீதிமன்றம் நீக்கியது.

இனி நீங்கள் எந்த நாட்டு வரலாற்றைப் படித்தாலும், உரிமை பெற்றவர் யார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதே நாளில் அவ்வுரிமையை இழந்தவர் யார் என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் மாணவனை உட்காரச் சொல்லும் ஆசிரியர் இருந்தால், சற்றே பொறுத்து மறுபடியும் எழுந்து நில்லுங்கள்.